பத்தடி உயரத்தில் ஒரு கூடை

ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியமாகத்தான் போவார்கள். ஒன்று, ஆதிகேசவப் பெருமாளையும் ராமாநுஜரையும் சேவிப்பதற்கு, மற்றொன்று, வேலைக்கு. நான் போனது பாஸ்கெட் பால் பார்ப்பதற்கு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள். "அங்கே கார் செய்கிறார்கள், செல்போன் செய்கிறார்கள். பந்து விளையாட யாருக்கு நேரம்?" என்றார் என் மாமியார். ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு கூடையாவது தொங்காதா என்று எனக்கு ஓர் ஆசை.

காலேஜில் மூன்று வருஷம் நான் டீமில் இருந்தேன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், அதில் முக்கால்வாசி நேரம் பெஞ்சில். ஆடத் தெரியாதவளுக்குத்தானே ஆட்டத்தின்மேல் பைத்தியம் அதிகம்!

போகிற வழியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி வாசலில் வண்டியைச் சற்று நிறுத்தச் சொன்னேன். காரணம் உண்டு. 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார், குளிர்கால உடற்பயிற்சி வகுப்பில் அலுத்துப்போன மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினார். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் பந்தை மேலே ஏறி எடுக்க வேண்டியிருந்ததாம்! அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920-ல் நம் சென்னையில் அந்தக் கல்லூரியை ஆரம்பித்தார்.

பெண்கள் ஒன்றும் காத்துக்கொண்டிருக்கவில்லை. 1892-லேயே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் நடந்த பந்தயத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி கிடையாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது என்று ஒரு விதி வேறு. மரியாதைப்பட்ட ஆட்டம்!

நிற்க. பூந்தமல்லியும் இருங்காட்டுக்கோட்டையும் கழிந்து, ஸ்ரீபெரும்புதூரில் இடது பக்கம் சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் திரும்பினோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் 1998 முதல் வெளிவருகின்றன. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-ல் வந்தது. வந்தவை எல்லாம் நின்றுவிடவில்லை. 2006-ல் ஆரம்பித்த நோக்கியா 2014-ல் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெண்கள் ஏராளம்.

வழியில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்கென்று சிப்காட் கட்டிய விடுதிக் கட்டடங்கள் மாடி மாடியாக நிற்கின்றன. 2024 ஆகஸ்டில் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். கூடைப்பந்து ரசிகைக்குக் கணக்கு வேறு விதமாக ஓடும் அல்லவா? ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர் என்றால் 1,560 அணிகள்! ஆடுகளத்துக்கு வேண்டிய இடமோ 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் திரும்புவதற்கே அதைவிட அதிக இடம் விட்டிருக்கிறார்கள்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு டீக்கடை. ஷிப்ட் விடும் நேரம். கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அதில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், பஜ்ஜி தின்ற காகிதத்தை உருட்டி, ஆறேழு அடி தள்ளியிருந்த குப்பைக் கூடையில் போட்டாள். போட்டாள் என்றா சொன்னேன்? எய்தாள்! காகிதம் போன பிறகும் கை மேலேயே நின்றது. மணிக்கட்டு முன்னால் மடிந்து தொங்கியது. அது பிறவியில் வருவதல்ல, பயிற்சியில் வருவது.

"எந்த இடத்தில் ஆடினாய் அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

திகைத்துப்போய் அப்புறம் சிரித்தாள். "பாயிண்ட் கார்டு அக்கா. ஸ்கூல் டீம். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தெற்கே ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொன்னதாம். "பீஸ் கெடயாது, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் ஃப்ரீதான் அக்கா. ஆனா மூணு வருஷம் வீட்டுக்கு யார் பணம் அனுப்புறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நம் ஊரில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்: பாங்க் வேலை அல்லது ரயில்வே வேலை. 'சென்னை ஸ்லாம்' போன்ற அணிகளோடு 2015-ல் வந்த லீக் இரண்டு வருஷம்தான் ஓடியது, அதுவும் ஆண்களுக்கு. பெண்களுக்கு ரயில்வேதான் கதி, கல்லூரிதான் அதற்குப் படி. தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகின் தேர்வுக்கே போய் ஆடிப் பார்த்தார். அதே ரயில்வேயின் அனிதா பால்துரை 18 வருஷம் இந்தியாவுக்கு ஆடினார். தாயான பிறகும் திரும்பி வந்து, 2017-ல் பெங்களூரில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் இருந்தார், 2021-ல் பத்மஸ்ரீ. அந்தப் படியில் ஏறும் மூன்று வருஷத்துக்குத்தான் இந்தப் பெண்ணிடம் பணம் இல்லை.

அமெரிக்காவிலும் எல்லாம் பாலும் தேனும் இல்லை, கேளுங்கள். 2024-ல் கல்லூரிப் பெண்கள் இறுதிப் போட்டியைச் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் போட்டியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம்தான். அதில் ஆடிய கெய்ட்லின் கிளார்க், தொழில்முறைக்கு வந்த முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர். ஆண்களில் முதலாவதாகத் தேர்வானவருக்குக் கோடி டாலருக்கு மேல்! இதை நான் சொல்லப் போக, "தெரியும் அக்கா, போன்ல பாத்தேன்" என்றாள் அவள்.

கோயமுத்தூரில் பம்ப் செய்யும் சி.ஆர்.ஐ. நிறுவனத்தின் பெயரால் பெண்களுக்கு அகில இந்தியக் கோப்பை நடக்கிறது. பம்ப் செய்கிற ஊரில் முடிந்தது, கார் செய்கிற ஊரில் முடியாதா என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அவசரமான கேள்வி வேறொன்று இருந்தது.

"அக்கா, ரிங்கு பத்தடிதானே?"

"பத்தடிதான். ஏன்?"

வாடகை வீட்டில் ஆறு பெண்களாக இருக்கிறார்களாம். பெயிண்ட் வாளியின் அடியை வெட்டிச் சுவரில் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். "வீட்டுக்காரர் செவுரு எட்டடிதான் அக்கா. அதுலயே போட்டுப் பழகினா கை கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு."

"கெட்டுப்போகாது. பஜ்ஜிக் காகிதத்தைத்தான் பார்த்தேனே" என்றேன். பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அடுத்த மாதம் ஒரு மூங்கில் வாங்கி இரண்டடி உயர்த்திவிடப் போவதாகக் கத்திச் சொன்னாள்.