ஒரிஜினல்தானா?

நெய் வாங்கினால் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்கிறோம். பட்டுப் புடவை என்றால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கிறோம். தங்கத்துக்கு உரைகல் இருக்கிறது. ஆனால் மோட்டார் காரின் ரேடியேட்டர் அசலா, மாற்றியதா என்று கண்டுபிடிக்கும் வித்தையை நம் பாட்டிமார் யாரும் சொல்லி வைக்கவில்லை. மதுரையில் இருக்கும் என் பெரியம்மா, போன வருஷம் தம் மோரிஸ் மைனரை விற்கத் தீர்மானித்தபோதுதான் அது எனக்குத் தெரிய வந்தது.

வண்டி 1950ஆம் வருஷத்தியது. பெரியப்பா அதை 1962ல் வாங்கினார். சித்திரைத் திருவிழா, அழகர்கோயில், கோடையில் கொடைக்கானல் என்று எங்கே போனாலும் அதில்தான் பிரயாணம். பெரியம்மாவின் மடியில் பலகாரத் தூக்கும், காலடியில் ஒரு குடம் தண்ணீரும் இல்லாமல் அது கிளம்பியதே கிடையாது. பலகாரம் எங்களுக்கு, தண்ணீர் வண்டிக்கு. மலைப் பாதையில் பாதி தூரம் ஏறியதும் 'புஸ்' என்று ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிடும்!

பெரியப்பா போய்விட்டார். மொட்டை மாடி ஒழுகுகிறது. பழைய கார்கள் சேகரிக்கும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். "எஞ்சினைக் குளிர வைக்கும் சாமான்கள் எல்லாம் ஒரிஜினல்தான் என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் ஐம்பதாயிரம் தருகிறேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். மாடியைச் செப்பனிட அந்த ஐம்பதாயிரம் வேண்டியிருந்தது. ஆகவே, அந்த வண்டியை நாற்பது வருஷமாகப் பார்த்து வரும் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

பானெட்டைத் திறந்ததும், பெரியம்மாவின் பிள்ளையான என் அண்ணன் பதறிப் போனான். "பாய், தண்ணீர் பம்பையே காணோமே! எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டானா?"

பாய் சிரித்தார். "பம்பு இல்லாததுதான் தம்பி நல்ல அடையாளம்."

விஷயம் இதுதான். 1948ல் வெளிவந்த மோரிஸ் மைனரின் முதல் ரகத்தில் இருந்தது 918 ஸி.ஸி. எஞ்சின். அதில் தண்ணீரைச் சுற்றிவரச் செய்ய ஆரம்பத்தில் பம்பு வைக்கவில்லை. அடுப்பிலிருக்கும் அண்டாவில் சூடான தண்ணீர் மேலே வந்து, ஆறிய தண்ணீர் கீழே இறங்குகிறதல்லவா? அதே தத்துவம். ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' காரிலும், முதல் 2,500 வண்டிகளுக்குப் பிறகு பம்பை எடுத்துவிட்டு இந்த ஏற்பாட்டைத்தான் செய்தார்கள். மைனருக்கு 1952ல் வந்த 803 ஸி.ஸி. எஞ்சினில் பம்பு இருந்தது. எங்கள் வண்டியில் பம்பு இல்லை என்றால், எஞ்சின் பழையதுதான் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அடுத்தது ரேடியேட்டர். கண்ணுக்குப் படாத ஓரத்தில் பாய் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினார். மஞ்சளாகத் தெரிந்தது, பித்தளை. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்; பிற்காலத்தது. ஆக, மேல் தொட்டி அசல். ஆனால் நடுவிலுள்ள கோரைச் சுற்றி ஈயப் பற்று கனமாகவும் கோணலாகவும் ஓடியது. "கோர் நம்ம ஊரில் மாற்றியது. ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்பு அடைக்காமல் என்ன செய்யும்?" என்றார். வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாசாரம்தான்.

ரப்பர் ஹோஸ்களை அவர் சோதிக்கவே இல்லை. "ரப்பர் இத்தனை வருஷம் நிற்காது. ஓடுகிற வண்டியில் அது ஒரிஜினல் என்று யாராவது சொன்னால், வண்டி ஓடவில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் சொல்கிற ஆள் சரியில்லை."

கடைசியில் மூடி. அதன்மேல் அழுத்தத்தின் அளவு 'கிலோ பாஸ்கல்' என்று பொறித்திருந்தது. அளவைகளில் 'பாஸ்கல்' என்ற பெயர் ஏற்பட்டதே 1971ல்தான். 1950 வண்டிக்கு அந்த மூடி எப்படி வரும்? அதைப் பொருத்துவதற்காகத் தொட்டியின் கழுத்தையும் மாற்றிப் பற்ற வைத்திருந்தார்கள்.

"உள்ளூர்ச் சாமான் என்றால் மட்டமா?" என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. 1911ல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் ஆரம்பித்த தொழில் குடும்பத்தில் வந்தது சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே அது ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அந்த அமெரிக்கக் கார்களில் தமிழ்நாட்டு மூடிதானே ஒரிஜினல்!

அண்ணன் மெதுவாக ஒரு யோசனை சொன்னான். "மூடியில் இருக்கிற எழுத்தை அரத்தால் ராவிவிடலாம். ஹோஸில் கொஞ்சம் புழுதியும் எண்ணெயும் தடவினால் பழசாகிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?"

அதுவரை பேசாமல் இருந்த பெரியம்மா நிமிர்ந்தார்.

"என் கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸ் இதே ஊரில் ஆரோலேபில் செய்ததுடா. பல்லும் செட்டு. அதனால் நான் உன் ஒரிஜினல் அம்மா இல்லை என்று ஆகிவிடுமா? ஆனால் யாராவது கேட்டால், 'இதெல்லாம் எனக்கு முளைத்த பல்'லென்று நான் சொல்கிறேனா?"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

பெரியம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு ஜாபிதா எழுதினேன். எஞ்சின், மேல் தொட்டி: அசல். கோர், கழுத்து, மூடி, ஹோஸ்: மாற்றியவை. மாற்றிய வருஷம் நினைவிருந்ததற்கு வருஷமும் எழுதினோம். கோர் மாற்றியது அண்ணனுக்குக் காது குத்திய வருஷமாம். பெரியம்மாவின் பஞ்சாங்கம் அப்படி!

கோயமுத்தூர்க்காரர் வந்தார். ஜாபிதாவை இரண்டு தரம் படித்தார். "நான் பார்த்த வண்டிக்காரர்களில் எல்லாமே ஒரிஜினல் என்று சொல்லாதவர் நீங்கள் ஒருவர்தான், அம்மா" என்றார். ஆனால் ஐம்பதாயிரத்தைச் சேர்க்கவில்லை; முதலில் பேசிய விலையைத்தான் கொடுத்தார். ஜாபிதாவைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார்.

மொட்டை மாடியில் முன்பாதிக்குத்தான் இந்த வருஷம் தளம் போட முடிந்தது. பின்பாதி இன்னும் ஒழுகுகிறது. மழை வந்தால் அங்கே ஓர் அண்டாவை வைத்துவிட்டு, பெரியம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.