முதல் தவணைப் பாடம்

ரொறொன்ரோ



ஒன்ராறியோ மாகாணத்தில் ஆர்.பி.என். படிப்புக்குத் தமிழ்க் குடும்பங்களிடையே நல்ல மதிப்பு உண்டு. கல்லூரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படித்து டிப்ளோமா வாங்கி, அனுமதித் தேர்விலும் தேறினால் பதிவுபெற்ற நடைமுறைத் தாதியாக (ஆர்.பி.என்.) வேலை செய்யலாம். பட்டம் பெற்ற ஆர்.என். தாதிக்கும் பராமரிப்பு உதவியாளரான பி.எஸ்.டபிள்யூ.வுக்கும் இடைப்பட்ட நிலை அது. கை கழுவுதல், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுதல், உடம்பு துடைத்தல், வாய் சுத்தம் செய்தல், புரட்டிப் படுக்கவைத்தல், ஊட்டுதல், நாடியும் மூச்சும் எண்ணுதல் எல்லாம் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பொம்மை நோயாளியை வைத்துப் பழகி, பட்டியலில் சரி வாங்கிக்கொண்டு, மாணவர்கள் மருந்து, ஊசி என்று மேலே போய்விடுகிறார்கள். விட்டுவந்தவை அதன்பின் அவர்கள் மனதில் சில்லறை வேலைகளாகத் தங்கிவிடுகின்றன. தாதியின் மருத்துவ அறிவு முழுவதும் தேவைப்படுவது அந்தச் சில்லறை வேலைகளில்தான் என்பது என் வாதம். அவற்றை அறிவு வேண்டாத வேலைகளாகக் கற்பிப்பதன் விலையை நோயாளிகள் கொடுக்கிறார்கள்.

உடம்பு துடைப்பதையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். கண்ணை மூக்குப் பக்கமிருந்து வெளியே துடைக்கவேண்டும், மற்றக் கண்ணுக்குத் துணியின் வேறு பக்கம். துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூடிவைக்கவேண்டும். இவ்வளவும் கையின் வேலை. நோயாளியின் உடம்பு தலை முதல் கால் வரை ஒருவர் பார்வைக்கு வருவது நாளில் பெரும்பாலும் அந்த ஒரு வேளைதான். மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுப் போவார், குதிக்காலையும் முதுகின் அடி எலும்பையும் திருப்பிப் பார்ப்பது அரிது. அங்கே சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்திய இடம் வெளுத்து மீண்டும் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. தோல் இன்னும் கிழியவில்லை, அப்போதே பாரத்தை அகற்றினால் பெரும்பாலும் ஆறிவிடும். எங்கள் ஆட்களுக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. பாடப்புத்தகப் படங்கள் நெடுங்காலமாக வெள்ளைத் தோலையே காட்டிவந்தன. கறுத்த தோலில் சிவப்பும் வெளுப்பும் எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் நிறம் மாறியிருக்கிறதா, சூடாகவோ குளிராகவோ இருக்கிறதா, இறுகியோ கொழகொழத்தோ போயிருக்கிறதா, தொட்டால் நோகிறதா என்று கையால் தேடவேண்டும். ஸ்காபரோவில் முதியோர் இல்லத்தில் படுத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் குதிக்காலைப் பார்த்துச் "சிவப்பு இல்லை" என்று எழுதிச் செல்லும் மாணவிக்கு அந்தப் பட்டியலின்படி முழுப் புள்ளியும் கிடைத்துவிடும்.

மூச்சு எண்ணுவதும் அப்படித்தான். வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை முழு நிமிடம் எண்ணவேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமலே மூச்சை மாற்றிவிடுவார். ஆனால் எண்ணாமல், கண்மதிப்பில் 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் பழக்கம் உலகெங்கும் வைத்தியசாலைகளில் உண்டு. பிரித்தானியாவில் 2012இல் வந்த முன்னெச்சரிக்கைப் புள்ளி முறையில், மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனால் அது ஒன்றுக்கே உச்சப் புள்ளியான 3 கொடுக்கிறார்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இருக்கும்போது எண்ணுவது எதற்கு என்று கேட்கலாம். ஒட்சிசன் குறைவதற்கு முன்பே உடம்பு மூச்சை விரைவாக்கி ஈடுகட்டப் பார்க்கும். கருவி 96 காட்டும்போதே மூச்சு 28இல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதோடு, கறுப்பின நோயாளிகளிடம் அந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் தவறு அதிகம் என்று 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. தோல் கறுத்த எவருக்கும் இது பொருட்படுத்தவேண்டிய செய்தி.

சிறு வேலைகளின் பயனைப் பெரிதுபடுத்துகிறேன் என்று தோன்றலாம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனூயே குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், வைத்தியசாலையில் இருந்த 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாளையும் இடத்தையும் நினைவூட்டிப் பேசினார்கள், எழுப்பி நடக்கவைத்தார்கள், கண்ணாடியும் செவிக்கருவியும் கைக்கு எட்டச் செய்தார்கள், நீர் அருந்தவைத்தார்கள், தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பானமும் முதுகு தடவலும் கொடுத்தார்கள். வழக்கமான பராமரிப்பில் நூற்றுக்கு 15 பேருக்கு வந்த திடீர் மனக்குழப்பம், இவர்களில் 9.9 பேருக்குத்தான் வந்தது. இவற்றில் பலவற்றைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். ஆனால் யாருக்கு எது தேவை என்று கணித்தது நிபுணர் குழு. குழப்பம் வந்தபின் அதன் கடுமையை இம்முறையால் குறைக்க முடியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே பயன் முழுவதும் வருமுன் கவனிப்பதில் இருந்தது.

வாய் சுத்தம் பற்றிய சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், அது கிடைக்காதவர்களில் 19 பேருக்கும் நியூமோனியா வந்தது. பின்னர் கனெக்டிகட்டில் கிருமிநாசினி வாய்மருந்தும் நிமிர்த்தி ஊட்டுவதும் சேர்த்து நடந்த பெரிய சோதனை பயன் காணாமல் நிறுத்தப்பட்டது. எனவே பல் துலக்கினால் நியூமோனியா வராது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாயைத் திறந்து பார்க்கிறவருக்கு வெள்ளை படிந்த நாக்கு, பொருந்தாத பல்செட், கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கும் காலைச் சாப்பாடு எல்லாம் தெரியும். கன்னத்தில் சோறு நின்றால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். அதை அன்றே அறிந்தால் அடுத்த வேளை ஊட்டும் முறை மாறும்.

இதெல்லாம் பி.எஸ்.டபிள்யூ.வின் வேலை, தாதியின் நேரம் மருந்துக்கே போதாது என்பது இங்கே அடிக்கடி கேட்கும் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பெண்கள் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள், நல்லவர்களின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்டு "எந்த இடம், எப்போதிலிருந்து, அழுத்தினால் வெளுக்கிறதா" என்று திருப்பிக் கேட்கத் தாதிக்குத் தெரியவேண்டும். படுக்கையருகே நின்று பழகாதவருக்கு அந்தக் கேள்விகள் வாயில் வராது. இரண்டு மணிக்கொருதரம் புரட்டுவது போன்ற விதிகள் வெறும் சடங்கு என்போரும் உண்டு. ஒன்ராறியோவிலும் அமெரிக்காவிலும் 900க்கு மேற்பட்ட முதியோரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, அடர்ந்த ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணிக்கொருதரம் புரட்டியதில் பெரிய வித்தியாசம் காணவில்லை. இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மெத்தை எது, ஆளின் எடை, சாப்பாடு, ஈரம், அசைவு எப்படி என்று பார்த்து இடைவெளியை முடிவுசெய்ய ஒருவர் வேண்டும். கடிகாரத்துக்கு அது தெரியாது.

ஆள் இல்லாத இடத்தில் திறமை என்ன செய்யும் என்ற கேள்விதான் மிகக் கனமானது. 2020 மே மாதம், கொவிட் காலத்தில் ஒன்ராறியோவின் ஐந்து முதியோர் இல்லங்களுக்கு உதவிக்குப் போன கனடிய இராணுவத்தினரின் அறிக்கை வெளியானது. அவற்றில் ஒன்று ஸ்காபரோவில். வாரக்கணக்கில் குளிப்பாட்டப்படாதவர்கள், அழுக்கோடு விடப்பட்டவர்கள், புரையேறும்படி வலிந்து ஊட்டப்பட்டவர்கள் பற்றி அது பேசியது. பின்னர் வந்த சட்டம், 2025 மார்ச் இறுதிக்குள் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை வைத்தது. அந்த மணி நேரத்துக்கு எந்தப் பயிற்சியும் ஈடாகாது. ஆனால் நெருக்கடி வரும்போது, எளிய வேலை என்று பெயர் வாங்கியதைத்தான் முதலில் குறைப்பார்கள். ஊட்டுவது சிகிச்சை, துடைப்பது பரிசோதனை என்று தாதியரே நம்பாவிட்டால், அதற்கு ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் யார் கேட்பது?

2022 ஜனவரியில் தொடங்கிய அனுமதித் தேர்வு கணினித் திரையில் நடப்பது, மாணவரின் கையை அது பார்ப்பதில்லை. ஆகவே கல்லூரிகள்தாம் பார்க்கவேண்டும். முதல் தவணையில் சரி போட்டு முடித்த அதே காலைப் பராமரிப்பை, கடைசித் தவணையில் உண்மையான நோயாளிக்கு, அவரது சம்மதத்தோடு, முழுவதுமாகச் செய்யவைக்கவேண்டும். அறையை விட்டு வந்ததும் என்ன பார்த்தாய், யாரிடம் சொல்லப்போகிறாய், ஏன் என்று ஆசிரியர் கேட்டு, மருந்தியலுக்குக் கொடுக்கும் அளவு புள்ளியை அதற்கும் கொடுக்கவேண்டும். இந்தப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோர் கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் விசாரிக்கும்போது, படுக்கையருகே எத்தனை மணி நேரப் பயிற்சி, யார் மேற்பார்வையில் என்பதையும் கேளுங்கள்.