யானையின் கால்தடத்தை அளப்பவர்கள்

சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் பாலக்கோட்டைத் தாண்டினால் மாரண்டஹள்ளி. ஊருக்கு வெளியே நடந்தால் தக்காளித் தோட்டமும் ராகிக் கொல்லையும் தென்னையும். அவற்றுக்கு அப்பால் காட்டுக் குன்றுகள். பயிர் விளைந்து நிற்கும் மாதங்களில் இங்குள்ள விவசாயிகளுக்கு ராத்தூக்கம் கிடையாது. யானைகளை விரட்ட டார்ச் விளக்கும் பட்டாசுமாகக் காவல் இருப்பார்கள்.

2023 மார்ச் 7 காலை, அருகிலுள்ள காளிகவுண்டன்கொட்டாயில் ஒரு விளைநிலத்தில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. பயிரைக் காக்கச் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலி அவற்றைக் கொன்றிருந்தது. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன.

இப்படி ஓர் இடத்துக்கு வந்து சேரும் வனக் கால்நடை மருத்துவருக்கு அவகாசம் குறைவு. அவ்வளவு பெரிய உடல் வெயிலில் வெகு சீக்கிரம் ஊதிவிடும். முதலில் தும்பிக்கையிலும் பாதத்திலும் மின்சாரம் கருக்கிய தடத்தைத் தேடுவார். பிறகுதான் கத்தி. முதுகுப் பக்கத்துத் தோல் ஓர் அங்குலம் வரை தடித்திருக்கும். கத்தி மழுங்க மழுங்கத் தீட்டிக்கொண்டே அறுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். யானைக்கு ஆயுளில் ஆறு முறை அந்தப் பல் முளைக்கும். அவர் எழுதும் அறிக்கைதான் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நடக்கும் வழக்கில் யானையின் தரப்புச் சாட்சி.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு மரியாதை தேடித் தந்தவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் யானைகளோடு வாழ்ந்தவர், 2002இல் மறைந்தார். காட்டில் செத்துக் கிடக்கும் யானையை அறுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றவர். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையால் வாசகர்கள் அவரை அறிவார்கள்.

உயிருள்ள யானையிடம் வேலை இன்னும் நுட்பமானது. 2023 பிப்ரவரி 5 அன்று, இதே பாலக்கோடு பகுதியில் சுற்றிய ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, மயக்க ஊசி போட்டு, பழக்கப்பட்ட கும்கி யானை சின்னத்தம்பியின் துணையோடு பிடித்தார்கள். மருந்தின் அளவுக்கு எடை தெரிய வேண்டும். காட்டு யானையை எந்தத் தராசில் நிறுத்துவது? ஈர மண்ணில் பதிந்த முன்காலின் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறக்குறையத் தோள் உயரம் வந்துவிடும். அதிலிருந்து எடையைக் கணிக்கலாம். ‘சைலசின்’ என்ற மயக்க மருந்து ஏறியதும் காதாட்டம் நிற்கும், தும்பிக்கை தொங்கும். ஆனால் யானை நின்றபடியே மயங்க வேண்டும். அதன் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பதால், நெஞ்சு தரையில் பட விழுந்தால் மூச்சே முட்டிப்போகும். மருத்துவர் கண் எடுக்காமல் மூச்சை எண்ணுவது அதனால்தான்.

ஆனைமலையில் விடப்பட்ட அந்த மக்னா அங்கே தங்கவில்லை. ஊர் ஊராக நடந்து கோவை வரை வந்தது. பிப்ரவரி 23 அன்று மறுபடி பிடித்தார்கள். ஊசியால் யானையை நகர்த்த முடிகிறது, அதன் பசியையும் பாதையையும் மாற்ற முடியவில்லை.

மாரண்டஹள்ளிச் சாவுகள் நடந்த அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. முறையான சூரிய மின்வேலி விட்டுவிட்டு வரும் துடிப்பால் யானையை அதிரவைத்து விரட்டும், கொல்லாது. மின்கம்பத்திலிருந்து நேராக இழுத்த கம்பி யானையையும் கொல்லும், கட்டியவரையும் கொல்லும். கருகிய தும்பிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்த மருத்துவர் சொன்னால் இந்த வித்தியாசம் விவசாயிக்கு உறைக்கும். அதற்கு அவர் ராகி கதிர் பிடிப்பதற்கு முன்பே ஊருக்கு வர வேண்டும்; மிதிபட்ட பயிருக்கான இழப்பீடும் அடுத்த விதைப்புக்குள் விவசாயியின் கைக்கு வர வேண்டும்.