அட்டை தாங்கிய பாரம்



கடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் இருக்கைகள் போதவில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தவறியிருந்த வாலிபன் ஒருவன், மளிகைக் கடையின் காலி அட்டைப்பெட்டிகளால் ஒரு முக்காலி செய்து கொண்டுவந்தான். நான் சிரித்துக்கொண்டே, "தம்பி, இது ஆளைத் தாங்காது" என்றேன். அவன் மறுமொழி சொல்லாமல் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த மூன்று ஞாயிறுகளும் அவனை ஆலயத்தில் காணவில்லை. (அவனுடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.)

ஒரு மாலையில் களைப்போடு அதன்மேல் அமர்ந்தேன். என் எடை 80 கிலோ. முக்காலி அசையவில்லை. வியந்து அதைப் புரட்டிப் பார்த்தேன். அட்டையின் உள்ளே ஓடும் நெளிவுகளின் நீளவாக்கில் அதற்குப் பலம் உண்டு. குறுக்கே எளிதில் மடங்கிவிடும். அவனோ ஒவ்வோர் அட்டையையும் முந்தினதற்குக் குறுக்காக வைத்து ஒட்டியிருந்தான். ஒன்றின் பலவீனத்தை மற்றொன்றின் பலம் தாங்கியது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972-இல் வடிவமைத்த புகழ்பெற்ற வளைவு நாற்காலியும் இவ்வாறு அடுக்கி ஒட்டிய அட்டைகளால் ஆனதே. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு அட்டைக் கட்டில்கள் அளிக்கப்பட்டபோது பலர் நகைத்தனர். அவையோ 200 கிலோவைத் தாங்கும்படி செய்யப்பட்டவை.

அட்டைக்குச் சத்துரு பாரமன்று, ஈரமே. நனைந்தால் பசை விடும், நெளிவுகள் அமிழ்ந்துபோகும். தோல்வியால் ஏற்கெனவே நொந்திருந்த பிள்ளையின்மேல் நான் ஊற்றியதும் அத்தகைய ஈரமே என்று உணர்ந்தேன்.

அன்றிரவே அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, உட்கார்ந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. தாங்கிற்று."

அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் அவன் அமர்ந்திருந்தான்.

பிரியமானவர்களே, நம் சபையில் எவரையும் தனி அட்டையாக மடக்கிப் பார்த்து, பலமில்லை என்று தள்ளாதிருப்போம். ஒருவருக்கொருவர் குறுக்காக நின்று தாங்கும்படியே ஆண்டவர் நம்மை இணைத்திருக்கிறார். இந்த வாரம், உங்கள் வார்த்தையால் நனைந்துபோன ஒருவர் நினைவுக்கு வந்தால், அவர் வீட்டுக்குப் போங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.