ஒரே விமானத்தில் இரண்டு சட்டம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸுக்குக் காரில் போகிறவர்கள் கஹோன் கணவாய் ஏறியதும் மொஹாவி பாலைவனத்தின் மேட்டுநிலத்துக்கு வந்துவிடுவார்கள். பெட்ரோல் போடவும் காபி குடிக்கவும் பலர் நிறுத்துகிற ஊர் விக்டர்வில். அதன் புறத்தே ஒரு பெரிய விமானதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது விக்டர்வில் ராணுவ விமானதளம் என்ற பெயரில், குண்டு வீசுவோருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கப்பட்டது. 1950இல் ஜார்ஜ் விமானப்படைத் தளம் ஆயிற்று, 1992இல் மூடப்பட்டது. இன்று அங்கே பறக்க வேலையில்லாத பயணிகள் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. மொஹாவியின் காற்றில் ஈரம் குறைவு, உலோகம் சீக்கிரம் துருப்பிடிக்காது என்பதால் விமான நிறுவனங்களே இப்படிப்பட்ட இடங்களைத் தேடி வருகின்றன. தளம் மூடிய பிறகு, விமானப்படைக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாகப் பாழடைந்து கிடந்தன. இடிபாடுகளைப் படமெடுப்பவர்களுக்கு அவை நல்ல தீனி. ஆனால் அவையெல்லாம் பனிப்போர்க் காலத்து வீடுகள். 1944இல் இந்தத் தளத்திலிருந்து விமானம் ஓட்டிய பெண்களைப் பற்றி அந்தச் சுவர்கள் எதுவும் சொல்வதில்லை.

பாலைவன விமானதளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மணல் மூடிவிட்டது, காலம் விழுங்கிவிட்டது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பொருளை அழியவிடாமல் வைத்திருப்பதில் பாலைவனத்துக்கு ஈடான நிலம் குறைவு. போர்க்காலத்து ஓடுதளங்களின் தடம் இன்றும் வான்படங்களில் துல்லியமாகத் தெரிகிறது. விழுந்த விமானங்களின் உலோகத் துண்டுகள் எண்பது ஆண்டுக்குப் பின்னும் புதர்களுக்கிடையே கிடைக்கின்றன. நிலம் இவ்வளவையும் வைத்திருக்கும்போது அந்தப் பெண்கள் மட்டும் எப்படி மறைந்தார்கள்? அவர்களை மறைத்தது அலுவலக மேசை. படையில் அவர்களுக்கு எந்த இடம் என்று எழுத மறுத்த கோப்புகளில்தான் அந்த மறதி தொடங்கியது. இதற்கு ஆதாரம் விக்டர்வில்லிலேயே இருக்கிறது.

1944 அக்டோபர் 2 அன்று இந்தத் தளத்திலிருந்து கிளம்பிய பி-25 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று மேற்கே பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். ஒருவர் ராணுவ விமானி, இன்னொருவர் ராணுவ சார்ஜன்ட். மூன்றாமவர் மேரி மிஷல் ராபின்சன், இருபது வயதுப் பெண், வாஸ்ப் எனப்பட்ட மகளிர் விமானப் படைச் சேவை விமானி. விமானம் ஒன்று, உத்தரவு ஒன்று, விழுந்த நொடியும் ஒன்று. ஆனால் சட்டத்தின் முன் இருவர் படைவீரர்கள், மூன்றாமவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த குடிமகள். படைவீரர் சவப்பெட்டி மீது தேசியக்கொடி விரிக்கப்படும். குடும்பத்துக்கு ராணுவக் காப்பீடும் உதவித்தொகையும் போகும். வாஸ்ப் விமானிகளுக்கு இவை எதுவும் கிடையாது. சிலருடைய உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் தங்களுக்குள் பணம் வசூலிக்க வேண்டியிருந்தது. ஒருவருடைய மரணத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்ற கேள்வி, அவரைப் பின்னாளில் யார் தேடுவார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

அமைப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான்சி லவ் நடத்திய விமானம் கொண்டுசேர்க்கும் பிரிவையும், ஜாக்குலின் காக்ரன் நடத்திய பயிற்சிப் பிரிவையும் இணைத்து 1943 ஆகஸ்டில் வாஸ்ப் உருவானது. 25,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 1,830 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1,074 பேர் பயிற்சி முடித்தார்கள். 38 பேர் இறந்தார்கள். 1944 டிசம்பர் 20 அன்று அமைப்பே கலைக்கப்பட்டது. அவர்கள் பறந்த மொத்தத் தூரம் சுமார் 6 கோடி மைல்.

சண்டைக்கே போகாதவர்களுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை எழுகிறது. போர்முனைக்கு அவர்கள் அனுப்பப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மெக்சிகோ எல்லையோரத்து ஈகிள் பாஸ் தளத்தில் ஓலா மில்ட்ரெட் ரெக்ஸ்ரோட் என்ற லக்கோட்டா பழங்குடிப் பெண்ணின் வேலை, விமானத்தின் வாலுக்குப் பின்னால் நீண்ட கயிற்றில் ஒரு துணிக்குழாயை இழுத்துக்கொண்டு பறப்பது. சுடப் பழகும் மாணவர்கள் நிஜத் தோட்டாக்களால் அந்தத் துணியைச் சுடுவார்கள். தோட்டா முனைகளில் ஆளுக்கொரு நிறத்தில் பெயின்ட் தடவியிருக்கும். தரையிறங்கியதும் துணியிலுள்ள ஓட்டைகளின் நிறத்தைப் பார்த்து யார் சரியாகச் சுட்டார்கள் என்று எண்ணுவார்கள். குறி தவறினால் தோட்டா பாயக்கூடிய இடம் பைலட்டின் விமானம். வேறு பெண்கள் பழுது பார்த்த விமானங்களை மாணவர் கையில் கொடுக்கும் முன் ஓட்டிச் சோதித்தார்கள். நாட்டுக்குள்ளே இருந்த ராணுவத்தின் ஆண் விமானிகளும் இதே வேலைகளைத்தான் செய்தார்கள். எதிரியைப் பார்க்காத அந்த ஆண்களைப் படைவீரர் அல்ல என்று யாரும் சொன்னதில்லை.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. குடிமக்கள் என்ற நிபந்தனையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத்தானே சேர்ந்தார்கள், பிறகு என்ன குறை? கையெழுத்திட்டது உண்மை. ஆனால் சேர்ந்தவர்களிடம் வாஸ்ப் விரைவில் ராணுவத்தோடு சேர்க்கப்படும் என்றே பேசப்பட்டது. விமானப்படைத் தலைவர் ஹாப் ஆர்னல்ட் அதற்காக வெளிப்படையாக வாதாடினார். ராணுவ அணிவகுப்பும் ஒழுங்கும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அதிகாரிகளுக்கான பயிற்சிக்கே பலர் அனுப்பப்பட்டார்கள். அவர்களை ராணுவத்தோடு சேர்க்கும் மசோதா 1944 ஜூன் 21 அன்று பிரதிநிதிகள் சபையில் 188க்கு 169 என்ற கணக்கில் தோற்றது. பயிற்சிப் பள்ளிகள் மூடப்பட்டு, காலாட்படைக்கு இழுக்கப்படுவோமோ என்று அஞ்சிய, குடிமக்களான ஆண் பயிற்றுநர்கள் அந்த மசோதாவுக்கு எதிராக முழுமூச்சாகப் பிரசாரம் செய்தார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாக்கெடுப்புக்கும் பெண்களின் பறக்கும் திறமைக்கும் சம்பந்தம் கிடையாது. வணிகக் கப்பல் மாலுமிகளும் இதே நிலையில் இருந்தார்களே என்று கேட்டால், ஆம், இருந்தார்கள். 1988இல் அவர்களுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு சாராருக்கு நேர்ந்த அநீதியைக் காட்டி இன்னொரு சாராரின் அநீதியை நியாயப்படுத்த முடியாது.

காகிதம் மறைத்ததைக் காகிதமேதான் வெளியே கொண்டுவந்தது. 1970களின் நடுவில், பெண்களை முதன்முதலாக ராணுவ விமானிகளாக்கப் போகிறோம் என்று விமானப்படை அறிவித்தபோது, முன்பே பறந்தவர்கள் தாங்கள்தானே என்று வயதான வாஸ்ப் விமானிகள் கொதித்துப்போனார்கள். அமைப்பின் ஆவணங்கள் முப்பது ஆண்டுக்கு மேல் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. இதில் சதி இருந்ததாக நான் சொல்லவில்லை. போர் ஆவணங்களைப் பூட்டிவைப்பது அன்று வழக்கம்தான். ஆனால் ஆண்களின் வரலாற்றை எழுத ஓய்வூதியக் கோப்புகளும் படைப்பிரிவுச் சங்கங்களும் கல்லறைகளும் இருந்தன. பெண்களுக்குப் பூட்டிய அறை ஒன்றுதான் இருந்தது. போரில் அவர்களோடு விமானம் ஓட்டிய செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் அவர்கள் பக்கம் நின்றார். முன்னாள் படைவீரர் சங்கங்கள் எதிர்த்தன. காங்கிரஸ் விசாரணையில் திருப்பத்தை ஏற்படுத்தியது, ஒரு வாஸ்ப் விமானிக்கு 1944இல் தரப்பட்ட விடுவிப்புச் சான்றிதழ். அமெரிக்க ராணுவத்தில் சிறப்பாகப் பணியாற்றியவர் என்று, படைவீரர்களுக்கு எழுதுகிற அதே சொற்களில் அது எழுதப்பட்டிருந்தது. 1977 நவம்பர் 23 அன்று வாஸ்ப் விமானிகளைப் படைவீரர்களாக அங்கீகரிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார்.

பராமரிப்பு இல்லாவிட்டால் எந்தத் தளமும் மறக்கப்படும், ஆண்களின் தளங்களும் புல்மண்டித்தானே கிடக்கின்றன என்று யாராவது சொல்லலாம். அதற்கு விடை டெக்சஸில் இருக்கிறது. ஏபிலீனுக்கு மேற்கே சுமார் 40 மைலில் ஸ்வீட்வாட்டர். புழுதியும் வெயிலும் நச்சுப்பாம்பும் அங்கும் உண்டு. அவெஞ்சர் ஃபீல்ட் என்ற தளத்தில்தான் பெரும்பாலான வாஸ்ப் விமானிகள் பயிற்சி பெற்றார்கள். ஆறு பேருக்கு ஓர் அறை, இரண்டு அறைக்கு ஒரு குளியலறை, ஆண்களின் அளவில் தைத்த தொளதொள உடை. முதன்முதல் தனியாகப் பறந்து இறங்கியவளைத் தோழிகள் தூக்கிப் போட்ட வட்டத் தொட்டி இன்றும் அங்கே இருக்கிறது. 2005இல் அருங்காட்சியகமும் வந்தது. மொஹாவி அளவுக்கு வறட்சி இல்லாவிட்டாலும் கடுமையான மண்தான் அது. ஆனால் அந்தப் பெண்கள் 1972இலேயே அங்கே திரும்பி வந்து கூடினார்கள். ஊரும் அவர்களைத் தன்னவர்களாக ஏற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒருசில பெண்கள் வந்துபோன விக்டர்வில் போன்ற தளங்களில் அப்படிக் கூடுவதற்கு ஆளில்லை. அங்கெல்லாம் தேடுவது ஆய்வாளர் பொறுப்பு.

கோப்பில் வரும் ஒரு சிறு பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வாஸ்ப் விமானி கெர்ட்ரூட் டாம்ப்கின்ஸ் சாட்சி. 1944 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸின் மைன்ஸ் ஃபீல்டிலிருந்து பி-51 விமானத்தில் கிளம்பினார். முதலில் இறங்க வேண்டிய இடம் பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனத் தளம். அவர் வந்து சேரவில்லை என்பதே பதிவுக் குழப்பத்தால் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன்பின் தொடங்கிய தேடலில் ஒன்றும் அகப்படவில்லை. புறப்பட்டதுமே சான்டா மோனிகா விரிகுடாவில் விழுந்திருக்கலாம் என்று பின்னாளில் கருதி, கடலடியிலும் தேடினார்கள். இறந்த 38 பேரில் இன்றுவரை கிடைக்காதவர் அவர் ஒருவரே.

1977 சட்டத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்பவர்களுக்கு எலைன் ஹார்மனின் கதையைச் சொல்ல வேண்டும். அந்த வாஸ்ப் விமானி 2015இல் காலமானபோது, ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அவருடைய அஸ்திக்கு இடமில்லை என்று ராணுவம் சொல்லிவிட்டது. பேத்திகள் போராடி, 2016இல் காங்கிரஸ் தனியாக ஒரு சட்டம் இயற்றிய பிறகே இடம் கிடைத்தது. விக்டர்வில் வழியாகவோ டல்லஸிலிருந்து மேற்கே ஸ்வீட்வாட்டர் பக்கமோ போகிற தமிழர்கள் இன்று ஏராளம். இந்தப் பெண்களின் ஆவணங்கள் டெக்சஸின் டென்டன் நகரில், டெக்சஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பயணத்துக்கு முன் அவற்றில் ஒருவருடைய கோப்பையாவது படித்துவிட்டுப் போங்கள்.