கிணற்றின் ஐந்தாவது உறை

எங்கள் குப்பத்துக் கிணற்றில் மொத்தம் எத்தனை உறைகள் என்பது அதை இறக்கியவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் மணலுக்கு மேலே நின்ற உறைகளின் எண்ணிக்கை. விவரம் தெரிந்த வயதில் ஓர் உறை வெளியே இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டுவதற்குச் சரியான உயரம். இரண்டாவது தெரிந்தபோது ஏற யாராவது தூக்கிவிட வேண்டியிருந்தது. மூன்றாவது தெரிந்த வருஷம் அம்மா தண்ணீர் சேந்த, பக்கத்தில் கருங்கல் அடுக்கிப் படி போட்டார்கள்.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கடலைப் பார்த்த குப்பம் அது. அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு. ஆனாலும் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். கரை அகலமாக இருக்கும்வரை அது நிற்கும். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் சேந்தினார்கள். உருளை கிடையாது, கையால்தான் இழுக்க வேண்டும். கயிறு உரசி உரசி மேல் உறையின் விளிம்பில் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. என் சுண்டுவிரல் அதில் முழுசாகப் பதியும். தெற்குப் பக்கத்துப் பள்ளம் அம்மாவுடையது. வேறு யாரும் அங்கே கயிறு போட மாட்டார்கள்.

தேய்ந்த பொருள் வீட்டுக்குள்ளும் ஒன்று இருந்தது, ஆயாவின் அருவாமனை. அப்பாவைப் பெற்ற ஆயா மீன் விற்றுக் குடும்பம் நடத்தியவர். கல்யாணமாகி வந்தபோது அதன் அலகு நாலு விரல் அகலம் இருந்ததாம். நான் பார்க்கும்போது இரண்டு விரல்கூட இல்லை. சாணை பிடிப்பவர் சக்கரத்தைத் தோளில் சுமந்து தெருவுக்குள் வந்தால் ஆயாதான் முதலில் போய் நிற்பார். சக்கரம் சுற்றும்போது பொறி பறக்கும். நான் பொறியைப் பார்ப்பேன், ஆயா கீழே விழும் கருப்புத் தூளைப் பார்ப்பார். ஒருநாள் அந்தத் தூளைக் காட்டி, “இதுல ஒங்க அப்பன் பள்ளிக்கூடம் போனான், அத்தை கண்ணாலம் நடந்துச்சு” என்றார். அது தேய்ந்ததற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை. கிணற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறும். அருவாமனை தேயுது என்பார், கடல் அறுக்குது என்பார். ‘கடல் அரிப்பு’ என்ற சொல்லை நான் பின்னால் செய்தித்தாளில்தான் படித்தேன். எங்களூர்ப் பேச்சில் அது அறுப்புதான். நின்று பார்த்தவர்களுக்கு அதன் பொருத்தம் புரியும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று ஏறியதும் கரை சரிவாக இருக்காது. கத்தியால் வெட்டினாற்போல் இடுப்பளவு செங்குத்தாக நிற்கும். வெட்டிய முகத்தில் வெள்ளை மணல், கருமணல், மறுபடி வெள்ளை என்று அடுக்கடுக்காகத் தெரியும். விளிம்பில் கால் வைத்தால் ஓசையில்லாமல் சரியும். நாங்கள் அதை விளையாட்டாகச் செய்தோம். பெரியவர்கள் பார்த்தால் அடிப்பார்கள்.

கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை எங்கள் ஆட்கள் வெள்ளம் என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி வெள்ளம், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி வெள்ளம். வன்னி அறுக்கும், தெண்டி மணல் கொண்டுவரும். வருஷத்தில் தெண்டி ஓடும் மாதங்களே அதிகம். அதனால் கார்த்திகையில் போனது ஆடிக்குள் திரும்பிவிட வேண்டும், கணக்கு நேராகிவிட வேண்டும். ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோதே நேராகவில்லையாம். என் காலத்தில் ஓர் ஆடியில் இரண்டு உறை தெரிந்தால், கார்த்திகையில் மூன்று தெரியும், அடுத்த ஆடியில் இரண்டரை தெரியும். திரும்பாத அந்த அரை உறைதான் கடன்.

கடன் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது ஒரு காணும் பொங்கலன்று தெரிந்தது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு மெரினாவுக்குப் போயிருந்தோம். எங்கள் கடைசி வீட்டிலிருந்து அலைக்கு நாற்பது அடிதான். அதே நினைப்பில் சாலையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். முந்நூறு தாண்டியும் கடல் வரவில்லை, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். இவ்வளவு மணலை என்ன செய்கிறார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் ஆயா குனிந்து ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் பரப்பி, நடுவே ஓடிய கருமணலைக் காட்டினார்.

“இன்னான்னு பாத்தியா கண்ணு? இது நம்ப மண்ணு. அங்க வர்றதுக்குத்தான் வந்துச்சு. ஆர்பரு மறிச்சிக்கிச்சு.”

கிழவி சொன்ன கதை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். பிறகு துறைமுகத்தின் வரலாற்றைப் படித்தபோது ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் அதுவே இருந்தது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கோட்டை மதிலுக்கு அருகிலேயே அலையடித்த கரை சென்னைக் கரை. 1875-இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் இரண்டு கல் கரங்களை நீட்டத் தொடங்கினார்கள். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் அவற்றை உடைத்துப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குக் கரத்தில் மோதி நின்றது. தெற்கே கரை வளர்ந்துகொண்டே போனது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுசாலை அமைத்து மெரினா என்று பெயரும் வைத்தார். துறைமுகத்தின் வாய் முதலில் கிழக்கே பார்த்து இருந்தது. மணல் அதையும் அடைக்க வந்ததால், துறைமுக நிர்வாகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயையே வடகிழக்குக்குத் திருப்பினார்கள். துறைமுகத்தை மணலிலிருந்து காப்பாற்ற இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். மணல் வராமல் போன வடக்குக் கரையை அப்படி யோசித்துக் காப்பாற்றியவர் யாரும் இல்லை. மெரினாவின் அகலமும் எங்கள் கிணற்றின் உயரமும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள்.

நாலாவது உறை தெரிந்தபோது தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. முதலில் பருப்பு வேகவில்லை என்றார்கள், பிறகு வாயில் வைக்க முடியவில்லை. ஐந்தாவது தெரிந்தபோது கிணறு அலைக்குள் ஒரு கோபுரம் மாதிரி தனியாக நின்றது. சுற்றியிருந்த நிலம் போய், ஆழமாக இருந்தது உயரமாகிவிட்டது. மேல் விளிம்பில் அம்மாவின் கயிற்றுப் பள்ளம் அப்படியே இருந்தது, எட்டத்தான் முடியவில்லை. ஒரு கார்த்திகை இரவில் கிணறு சாய்ந்தது. காலையில் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அம்மா மட்டும் வரவில்லை.

அடுத்து லாரிகள் வந்து கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டின. மிச்சமிருந்த வீடுகள் பிழைத்தன. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கல் இருக்கும் கரையில் கட்டுமரம் ஏற்ற முடியாது. மணல் இல்லாமல் பெரியவலை இழுக்க முடியாது, கருவாடு காயப்போட முடியாது. அப்பா கட்டுமரத்தை விற்றுவிட்டு, காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்கு ஏறினார்.

வடக்கே அடுத்த குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை ஒருநாள் தலைவிரி கோலமாக வந்தார். தெருவில் நின்றபடியே ஆயாவைப் பார்த்துக் கத்தினார்: “எம்மா, ஒங்க கல்லு எங்க ஊட்டத் தின்னுதும்மா!” எங்கள் கரையில் கல் விழுந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் கரையில் ஒரு வரிசை வீடு போய்விட்டது. கல்லில் மோதி அங்கிருந்து மணல் எடுக்க முடியாத அலை, கல் முடிகிற இடத்துக்கு வடக்கே போய் எடுக்கும். ஆயாவுக்கு இது தெரியாததில்லை. மெரினாவில் தான் சொன்ன நியாயத்தை இப்போது தன் மகளே தன்னிடம் சொல்கிறாள் என்பதும் தெரிந்திருக்கும். பதில் பேசாமல் அருவாமனையை எடுத்துவைத்து, அன்றைக்கு வந்த மீனில் பாதியை அறுத்துக் கொடுத்தனுப்பினார். அத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரவு தங்கியதில்லை.

அத்தை ஊருக்கும் கல் வந்தது. அதற்கு வடக்கே உள்ள ஊருக்கும் வந்தது. இன்று தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் வரிசைகளை நீட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. அவற்றுக்கு வடக்கே பழவேற்காடு வரை இருக்கும் குப்பங்களில், நான் உறை எண்ணிய மாதிரி இப்போது யாராவது ஒரு பிள்ளை எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும்.

விசாகப்பட்டினத்தில் துறைமுகம் மறித்த மணலைத் தூர்வாரி, வடக்குக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். தெண்டி வெள்ளம் செய்துவந்த வேலையை இயந்திரம் செய்கிறது. முடியாத காரியம் இல்லை. இந்தக் கரையில் இனி எந்தக் கல்லைக் கடலில் இறக்குவதற்கு முன்னும், அது மறிக்கும் மணலை எப்படி, யார் செலவில், வருஷா வருஷம் வடக்கே தாண்டிவிடப் போகிறீர்கள் என்பதை அந்த வடக்குக் குப்பத்து மக்களிடம் முதலில் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்த பிறகு இறக்குங்கள்.