முதல் உரிமை யாருக்கு?



உம்ராவுக்குப் புறப்படுகையில், ஸதகா கொடுப்பதற்கென்றே ரியாலைச் சில்லறையாக மாற்றி எடுத்துச் செல்வது நம்மவரிடையே வழக்கம். 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் இராஜபாளையத்திலிருந்து புறப்பட்டபோது, நானும் என் துணைவியும் ஐந்தும் பத்துமாக 250 ரியாலைத் தனிப் பையில் வைத்துக்கொண்டோம். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 5,500 ரூபாய்.

மக்காவில் ஹரம் ஷரீஃபுக்குச் செல்லும் வழியில், மடியில் குழந்தையுடன் ஒரு பெண் அமர்ந்திருந்தார். என் துணைவி அவருக்குப் பத்து ரியால் கொடுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் பலர் சூழ்ந்துகொண்டனர். பையில் பாதி காலியாயிற்று. எங்கள் உள்ளமோ நிறைந்தது.

அன்றிரவு எங்கள் குழுவின் வழிகாட்டி எச்சரித்தார். சவூதி அரசு 2021ஆம் ஆண்டு இயற்றிய சட்டப்படி, பிச்சை எடுப்போருக்கு ஆறு மாதம் வரை சிறையும் 50,000 ரியால் வரை அபராதமும் உண்டு. கூட்டம் சேர்த்து இதைத் தொழிலாக நடத்துவோருக்குத் தண்டனை ஓராண்டு, ஒரு லட்சம் ரியால் வரை உயரும். அதற்குத் துணை போவதும் குற்றமே. ஐக்கிய அரபு அமீரகத்திலும் 2018 முதல் இத்தகைய சட்டம் இருக்கிறது.

மறுநாள் அதே பெண் எங்களை அடையாளம் கண்டு கை நீட்டினார். நாங்கள் தலைகுனிந்து கடந்தோம். சற்றுத் தூரம் சென்றதும் என் துணைவி கேட்டார்: "என்னங்க, நேற்றுக் கொடுத்தது அவருக்காகவா, நம் மன நிறைவுக்காகவா?" என்னிடம் விடை இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். கணவரை இழந்தவர், பேண்டேஜ் துணித் தறியில் கூலி வேலை செய்பவர். மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க ஐயாயிரம் ரூபாய் கடனாகக் கேட்டார். "உம்ரா முடித்து வந்ததும் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஊர் திரும்பிய சில வாரங்களில், ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் கொடுப்பதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் உறவினர் வீட்டுக்குச் சென்றேன். வழியில் பால்கோவா வாங்க ஒரு கடையில் நுழைந்தால், அந்த மாணவன் பொட்டலம் கட்டிக்கொண்டு நின்றான்.

"பணம் கட்டும் தேதி போய்விட்டது ஹஜ்ரத். உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாதென்று அம்மா சொல்லிவிட்டார்கள்" என்றான். அவன் குரலில் குறை ஏதுமில்லை. அதுவே என்னைச் சுட்டது.

யாசிப்பவரை விரட்டாதே என்று கட்டளையிடும் திருமறைதான், தன்மானத்தால் வற்புறுத்திக் கேளாமல் இருப்பவரை அடையாளம் கண்டு கொடுக்கவும் அல்பகரா அத்தியாயத்தில் வழிகாட்டுகிறது. இதை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்குப் போதித்தவன் நான். நீட்டிய கை என் கண்ணில் பட்டது; நீட்டக் கூசிய கை படவில்லை.

2024இல் அம்மாணவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். கட்டணத்தை நான் செலுத்தினேன். ஆயினும் அவன் இழந்த ஓராண்டை எந்த ஸதகாவால் திருப்பித் தர முடியும்?

வெளிநாடு செல்லும் சகோதர சகோதரிகளே! அந்நாட்டுச் சட்டத்தை அறிந்து நடந்துகொள்ளுங்கள். அங்கே தருமம் செய்ய விரும்பினால், அரசு அங்கீகரித்த அறநிறுவனங்கள் வழியே செய்யுங்கள். கை நீட்டுபவருக்குக் கொடுக்க இயலாவிட்டாலும் கடுஞ்சொல் கூறாதீர்கள். அவர் எந்தக் கொடுமையால் அங்கு வந்து அமர்ந்தாரோ, நாமறியோம். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணப் பெட்டியைக் கட்டும் முன் உங்கள் தெருவை ஒருமுறை சுற்றி வாருங்கள். உங்களிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பவர் அங்கே எவரேனும் இருக்கக்கூடும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நல்லுணர்வை நல்குவானாக! ஆமீன்.